காத்திவாக்கத்தில் ஓர் எரிமலைத் தீவுச் சுற்றுலா

சாம்பல் மேட்டை எரிமலை என்று சொல்லி ஒரு வெள்ளைக்காரரை ஏற்றிவிட்ட ஆள் நான்தான்!

(திட்டாதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.)

எழுபதுகளின் தொடக்கம். வீடு ராயபுரம். வேலை ஹார்பரில் மூட்டை இறக்குவது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. (அதிலும் இரண்டு வருஷம் இருந்தேன்.)

ஒரு நாள் இன்ஜின் பழுதாகி ஒரு கப்பல் வந்து நின்றது.

அதில் மார்கரெட் என்று ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும். கூட அவர் வீட்டுக்காரர். கிழக்கே எங்கேயோ இருக்கும் எரிமலைத் தீவுகளுக்குப் போகிறார்களாம். அங்கே வழிகாட்டியோடு மலை ஏறலாம். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் மீன் பார்க்கலாம்.

அதற்காகவே அந்த அம்மா அறுபது வயதில் நீச்சல் கற்றிருக்கிறார்!

இன்ஜின் சரியாகப் பத்து நாள் ஆகும் என்றார்கள். இவர்கள் லீவு அதற்குள் முடிந்துவிடும். மறுநாளே விமானம் பிடித்து ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அந்த அம்மா கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் நண்பன் கரீம் டாக்சி ஓட்டுபவன். வண்ணாரப்பேட்டைக்காரன். இங்கிலீஷ் பேசுவான்.

"கரீமு, மீனுதானே பாக்கணும்? நம்ப காத்திவாக்கத்துல இல்லாத மீனா? நான் காட்றேன்னு சொல்லுடா."

"எரிமலைக்கு இன்னா மாமு பண்ணுவ?"

"அது போற வயிலயே கீது, வா."

வழியில் இருந்தது அனல்மின் நிலையத்தில் கொட்டி வைத்த கரிச்சாம்பல் மேடு!

வீட்டுக்காரர் தொப்பி, கைத்தடியோடு ஏறினார். எட்டு நிமிடத்தில் உச்சி. கறுத்த மூக்கோடு இறங்கி வந்தார்.

"இது கடைசியா எப்போ வெடிச்சுதுன்னு கேக்குறாரு மாமு."

"போன வெள்ளிக்கெயமைன்னு சொல்லு."

கரீம் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. (பயந்தாங்கொள்ளி!)

அடுத்து காத்திவாக்கத்து உப்பங்கழி. அலை கிடையாது, இடுப்பளவுத் தண்ணீர். கரையில் கொக்கு, கூழைக்கடா என்று கூட்டம். அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடி, குழாய் எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மூழ்கினார். எழுந்தார்.

மறுபடி மூழ்கினார். எழுந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழித் தண்ணீர் டீ கலரில் அல்லவா இருக்கும்! மூக்குக்கு முன்னால் திமிங்கலம் வந்து நின்றாலும் தெரியாதே!

"ஒண்ணியும் தெர்லயாம் மாமு," என்றான் கரீம். "இன்னாத்துக்கு இப்டி ஆசை காட்டுன? பெரிய பேஜாரு பண்ட்ட."

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "தேங்க் யூ" என்றார். கரைக்குத் திரும்பினார்.

பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடி வரிசையாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் பறியை, அதாவது ஓலைக் கூடையை, பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

முன்னால் வந்தவள் கன்னியம்மா. எங்கள் தெருவுக்கு இறால் விற்க வருபவள். வாயில் குழாயோடு நிற்கும் வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்ததும் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னாமே, பறிய உட்டுட்டு கொயாய கட்ச்சிகினு நிக்கிற? அதுல எறா எப்டிமே போவும்?"

தொழிலுக்கு இறங்கியவர் என்றே நினைத்துவிட்டாள்!

"அக்கா, அவங்க மீன் பாக்க வந்தவங்க. ஒண்ணியும் தெர்லன்னு கெளம்புறாங்க," என்றேன்.

"இங்க கண்ணால பாத்தா எவளுக்குடா தெரியும்? கையாலதான் பாக்கணும். தண்ணில எறங்குனவ வெறுங்கையோட கரை ஏறப்படாது. எங்க வயக்கம் தெரியும்ல? இட்டுகினு வா அவள!"

கன்னியம்மாவே கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். பல்லில் ஒரு பறியைக் கொடுத்தாள். அந்த அம்மாவின் கைமேல் தன் கையை வைத்துச் சேற்றுக்குள் அழுத்தினாள்.

"கண்ண மூடச் சொல்லுடா."

கரீம் சொன்னான். அவர் மூடினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் சாமியைக் கும்பிட்டேன். கரீமும் கும்பிட்டான்.

திடீரென்று ஓர் அலறல்! பறி வாயிலிருந்து விழுந்து மிதந்தது. அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கத்தினார்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன்னு சொல்லுது மாமு!"

"அதான் சொன்னேன்ல!" என்றாள் கன்னியம்மா.

அப்புறம் ஒரு மணி நேரம் அவரை யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை. இறால், நண்டு, சின்னக் கெண்டை, எல்லாவற்றையும் கையாலேயே பார்த்தார். நண்டு ஒன்று அவரையும் பார்த்தது. (கட்டை விரலில்!) வீட்டுக்காரர் கரையில் நின்று கைதட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் கன்னியம்மா அவர் பறியை எட்டிப் பார்த்தாள்.

காலி!

"அடிப்பாவி! ஒரு மணி நேரமா இன்னாமே பண்ணிகினு இருந்த?"

கரீம் விசாரித்துச் சொன்னான்: "அவங்க போவ இருந்த தீவுல எந்தப் பிராணியையும் எடுக்கக் கூடாதாம் அக்கா. அது சட்டமாம். அதனால புட்ச்சி புட்ச்சி உட்டுட்டாங்களாம்."

பெண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வழக்கத்தை மீறக் கூடாதே என்று தன் பறியிலிருந்து ஒரு கை இறாலை அள்ளி அவர் பறியில் போட்டாள்.

அந்த அம்மா கன்னியம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் மெதுவாகக் குனிந்து, அந்த இறாலையும் தண்ணீரில் விட்டுவிட்டார்!

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கன்னியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "போட்டும், பொயச்சி போவட்டும்! இவ வெறுங்கையோட ஏறுனா ஏறட்டும். இவ ஒருத்திக்கு மட்டும் உண்டு!"

கரை ஏறியதும் அந்த அம்மா கரீமிடம் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"இன்னாடா சொல்றாங்க?"

"இதுவரைக்கும் இவ்ளோ நல்ல வழிகாட்டிய பாத்ததே இல்லியாம் மாமு."

நான் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டு கையை நீட்டினேன்.

அந்த அம்மா என்னைத் தாண்டிப் போய்க் கன்னியம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கூட்டிக்கொண்டு வந்தது நான். எரிமலை காட்டியது நான். சொல்லுங்கள் மக்களே, இது நியாயமா?