குமிழ் இல்லாத ரேடியோ

வீட்டு ரேடியோ பிடிக்கவில்லை என்றால் குமிழைத் திருகி அதன் வாயை மூடிவிடலாம். எங்கள் ரேடியோவிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றால் நீங்கள் பஸ் ஏறி ஊரைவிட்டே போக வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்தில் எப்போதாவது அரைமணி நேரம் நின்றவர்களுக்கு என் குரல் தெரிந்திருக்கும். கேட்டிருப்பீர்கள் என்று சொல்லமாட்டேன், கேட்க நேர்ந்திருக்கும்.

உண்மையில் அது வானொலியே இல்லை, கம்பி ஒலி. தூண்களில் கட்டிய பத்து ஒலிபெருக்கிக் குழாய்கள், மாடியில் ஓர் அறை, அதற்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு கேசட் டெக், ஒரு மைக். கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போட்டுக்கொண்டிருந்த செல்லப்பா அண்ணாச்சி, இரண்டே குழாயோடு ஆரம்பித்தது. மூன்று சினிமாப் பாட்டு, இரண்டு விளம்பரம், மறுபடி மூன்று பாட்டு. காலை ஆறரைக்குத் தொடங்கினால் பொழுது சாயும்வரை இதுதான். ஜனங்கள் அதை ‘பஸ் ஸ்டாண்ட் ரேடியோ’ என்றே சொன்னார்கள். மெட்ராஸில் தனியார் ஆட்கள் எஃப்.எம்.மில் பாட்டும் விளம்பரமும் போடுகிறார்கள் என்று பேப்பரில் படித்த அன்று அண்ணாச்சி ஆச்சரியப்படவே இல்லை. “நாம இத்தன வருஷமா அதத்தானே செய்யுதோம்” என்றார்.

இடுப்பில் பிள்ளையும் கையில் வேலையுமாக அல்லாடும் தாய்மார்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

ஒரே ஒரு நிபந்தனை

என் வீட்டில் சிலுவை, என் கணவர் வீட்டில் விபூதி. அதனால் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுக் கதவும் எங்களுக்குச் சாத்தியே இருந்தது. அவர் வேலை தேடி சூரத்துக்குப் போனபோது மகளுக்கு எட்டு மாதம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பிள்ளையோடு வரச்சொல்லும் வேலையும் ஊரில் இல்லை. பஸ் நிலையத் தூணில் ‘அறிவிப்பாளர் தேவை’ என்ற அட்டையைப் பார்த்தபோது பயத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவது பஸ்ஸுக்குள் ஏறாமல் மாடி ஏறினேன்.

அண்ணாச்சி ஒரு செருப்புக் கடை விளம்பரத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கான்வென்ட் ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசித்த பழக்கத்தில் நிமிர்ந்து நின்று, முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி மூச்சு வாங்கி வாசித்தேன். பாதியில் இடுப்பிலிருந்த மகள் தாளைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். மீதியை மனப்பாடமாகச் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு என்னையும் பார்த்தார், தாளைத் தின்றுகொண்டிருந்தவளையும் பார்த்தார். “நீ வாசிக்கதக் கேட்டா, செருப்புக்குப் பரிசு குடுக்க மாதிரி இருக்கு. இருக்கட்டும், சனங்களுக்கும் ஒரு மரியாதை வேணும்லா? பிள்ளையும் மேல இருந்துட்டுப் போட்டும். ஆனா அது சத்தம் குழாய்ல ஒரே ஒரு தடவை கேட்டுச்சுன்னாலும் மறுநாள் நீ வரவேண்டாம், சரியா தாயி?”

தக்க அடையாளம்

சேர்ந்த மூன்றாம் நாள், டைம்கீப்பர் சங்கரன் சார் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். பஸ்கள் வரும் நேரமும் போகும் நேரமும் எழுதுவது அவர் வேலை. பஸ்ஸில் யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போனால் அதுவும் அவர் தலையில்தான் விழும். நான் பையைத் திறந்து பார்த்து, ஒன்று விடாமல் எழுதி, மிகத் தெளிவாக அறிவித்தேன்: பழுப்பு நிற ரெக்சின் பை, உள்ளே கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு இரண்டு, மஞ்சள் துண்டு ஒன்று, மூன்றடுக்குத் தூக்குச் சட்டி ஒன்று, அதன் மூடியில் நசுங்கல், உரியவர் தக்க அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்.

பத்து நிமிடத்தில் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் ரெக்சின் பை, அப்பளம் இரண்டு கட்டு, மஞ்சள் துண்டு, மூடியில் நசுங்கல் என்று வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். ஒருவர் “தக்க அடையாளம்” என்ற சொல்லைக்கூட விடவில்லை. தூக்குச் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சங்கரன் சார் கேட்டதும் மூன்று பேருக்கு பஸ் கிளம்புகிற நேரமாகிவிட்டது. “புளியோதரை, மேல ரெண்டு வடாம்” என்றவரிடம் பையைக் கொடுத்தனுப்பிவிட்டு சார் என் பக்கம் திரும்பினார்: “ஏம்மா, அடையாளம் பூராத்தையும் நீங்களே சொல்லிட்டா, பாவம், பறிகுடுத்தவன் என்னத்தச் சொல்லுவான்?”

பாட்டுக் கொள்கை

தாலாட்டுக்குத் தூங்குகிற பிள்ளைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். எனக்கு வாய்த்தவள் அப்படியில்லை. மென்மையான பாட்டு வந்தால் கண்ணை அகல விரித்து உட்கார்ந்துகொள்வாள். டெக்கிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் தவிலும் டிரம்ஸும் சேர்ந்து வெளுக்கிற பாட்டு வந்தால்தான் உறங்குவாள். அவளுக்கு இரண்டு மணிக்குத் தூக்கம் வரும். அழுதால் என் வேலை போய்விடும். ஆகவே இரண்டிலிருந்து மூன்றுவரை, பஸ் நிலையமே துண்டை விரித்துத் தலைசாய்க்கிற நேரத்தில், குத்துப் பாட்டாகப் போட்டுத் தள்ளினேன்.

யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று ஒரு வாரம் நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்தது கூட்டம்தான். மதியம் காற்று வாங்கிக்கொண்டிருந்த டீக்கடையில் காலேஜ் பையன்கள் வந்து நின்றார்கள். டீக்கடைக்காரர், ஜூஸ் கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர் எல்லாருக்கும் இரண்டு மணி விளம்பரமே வேண்டுமாம். எங்கள் நிலையத்தின் பாட்டுக் கொள்கையை வகுத்தவள் ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு அடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி அந்த ஜவுளிக்கடைக்காரரிடம் சொன்னார்: “சனங்க நாடி பாத்து யோசிச்சு வெச்சது, வே! இதெல்லாம் சும்மா வருமா?”

அப்பளமும் விசிலும்

பதினொன்றே காலுக்கு ஓர் அப்பளக் கம்பெனி விளம்பரம் உண்டு. பொரிகிற சத்தம், பிறகு நொறுங்குகிற சத்தம், பிறகு நான். ஒருநாள் மகள் பதினொரு மணிக்கே சிணுங்கத் தொடங்கினாள். இன்னும் கால் மணி தாங்கமாட்டாள் என்று தெரிந்தது. பேச வேண்டிய விளம்பரங்களை எல்லாம் முன்னதாகவே பேசி முடித்து, நீளமான பாட்டுக் கேசட் ஒன்றை ஓடவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தால், டீ கிளாஸோடு ஏழெட்டுப் பேர் வெறும் பிளாட்பாரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பாபநாசம் வண்டி கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டது! சாயங்காலம் அந்த வண்டியின் கண்டக்டர் மாடிக்கு வந்தார். அவர் கையில் கடிகாரம் இருந்தது, ஆனால் அது ஓடி இரண்டு வருஷமாகிறதாம். சண்டை போடவில்லை, சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “எக்கா, எனக்கு என்ன தெரியும்? நீங்க அப்பளத்த நொறுக்குனிய, நான் விசில ஊதுனேன்.”

திருவனந்தபுரம் வண்டி

மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். தலையை மூடிய துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் லீவு முடிந்து, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சவுதிக்குத் திரும்புகிறார். கீழே மாமனார், மாமியார், கொழுந்தன்மார் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். கிட்டப் போய் ஒரு வார்த்தை பேச வழியில்லை. “பேரு சொல்லாதிய, ஊரு சொல்லாதிய. திருவனந்தபுரம் வண்டி நகரையில இந்தப் பாட்ட மட்டும் போடுங்க. அவுகளுக்குத் தெரியும்” என்று பாட்டின் முதல் வரியைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

டிரைவர் ஏறியதும் போட்டேன். வண்டி நகரவில்லை; பின் டயர் பஞ்சர். பாட்டு முடிந்துவிட்டது. விளம்பரத்தைத் தள்ளிவைத்து மறுபடி போட்டேன். டயர் கழற்றினார்கள். மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை ஜன்னலோரம் இருந்தவர் தலையை வெளியே நீட்டி, முதலில் குழாயைப் பார்த்தார், பிறகு கூட்டத்தின் பின்னால் நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு சூரத் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஜன்னலில் நின்று ஏதோ ஒரு பக்கம் பார்த்தேன். வண்டி போனதும் அவள் மூச்சு வாங்க மேலே வந்து, வாசலில் நின்றபடியே சொன்னாள்: “மூணு மாச லீவுல என்னைய இப்படிப் பாத்ததே இல்லக்கா, நல்லாயிருப்பான் அந்த டயருல ஆணி போட்டவன்.”

கூழ் வேளை

கரண்ட் போனால் எனக்குக் கொண்டாட்டம். குழாய் ஊமை, மகள் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், நானும் வாய்விட்டுப் பேசலாம். அன்று ஒரு விளம்பரத்தின் நடுவில் கரண்ட் போயிற்று. நாடா சிக்கிக்கொள்ளாமல் இருக்கக் கேசட்டை எடுத்துவிட்டேன். மைக் சுவிட்சை மறந்துவிட்டேன். மகளின் துணியை வழக்கம்போல் ஆம்ப்ளிஃபயர் மேல் காயப்போட்டிருந்தேன். அது சரிந்து முன்பக்கத்துச் சிவப்பு விளக்கை மூடியிருந்தது. எங்கள் குழாய்கள் எல்லாம் பிளாட்பாரத்தைப் பார்த்தவை. அடைத்த கண்ணாடி ஜன்னலும் பஸ் இரைச்சலுமாக, குழாயில் போகும் எங்கள் சத்தம் மாடியில் எங்களுக்கே கேட்காது; விளக்கைப் பார்த்துத்தான் கரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வேன். ஃபேனைப் பார்த்தும் பயனில்லை, அது செத்து ஒரு மாதமாகியிருந்தது.

மகளை மைக்குக்குப் பக்கத்தில் மேசைமேல் உட்காரவைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேப்பைக் கூழ் ஊட்டத் தொடங்கினேன். ஒரு கரண்டி ஒரு பஸ், அதுதான் எங்கள் விளையாட்டு. “அம்பாசமுத்திரம் வண்டி வந்துட்டு, ஆ காட்டு. ஏறியாச்சு! அடுத்தது தென்காசி வண்டி, மூணாம் நம்பர்ல வருது, சீக்கிரம், சீக்கிரம், கதவச் சாத்தப் போறாங்க…” பிறகு குரலைத் தாழ்த்தி, “சத்தம் போடாமச் சாப்பிடணும். போட்டா மீசைத் தாத்தா என்ன சொல்லுவாரு?” என்று கேட்டு, அண்ணாச்சி மாதிரியே மூக்கால் கீச்சென்று இழுத்துச் சொன்னேன்: “‘மறுநாள் நீ வரவேண்டாம், சரியா தாயி?’ அப்படி ஆயிட்டுன்னா நாம எங்க போவோம் கண்ணு? அப்பாவுக்கு அங்க இன்னும் வேலை சரியா அமையல. இந்த வேலை போச்சுன்னா உனக்குப் பாலுக்கு அம்மா என்ன செய்வேன், சொல்லு.” அவளும் கவனமாகக் கேட்டு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கதவு படாரென்று திறந்தது. சங்கரன் சார், மூச்சு இரைக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அம்மா, உங்க பிள்ளை வாய்க்குள்ள போற தென்காசி வண்டிக்குக் கீழ நாப்பது பேரு துண்டு போட்டு எடம் பிடிக்க நிக்காங்க. கரண்ட் வந்து நேரமாச்சு, மொதல்ல அந்த சுவிட்ச அமத்துங்க!”

விசாரணை

அண்ணாச்சி கீழே சலூனில் இருந்திருக்கிறார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு மேலே வந்தார். அவருக்குப் பின்னால் படியெல்லாம் பெண்கள். யாரையும் எனக்குத் தெரியாது. கூடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் சத்தமாகவே கேட்டாள்: “பச்சப் பிள்ளைக்காரி ஒத்தையில கெடந்து பாடுபடுதா, இவளையா வரவேண்டாம்னு சொன்னீரு?” நான் பால்புட்டியையும் துணியையும் பைக்குள் போடத் தொடங்கிவிட்டேன். கூழ்க் கிண்ணத்துக்கு மூடி போட வரவில்லை. அண்ணாச்சி படியைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தியும் இறங்குவதாக இல்லை. மகளைப் பார்த்தார், அவள் கன்னம் இரண்டும் உப்பக் கூழோடு அவர் முகத்து நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சங்கரன் சாரிடம் திரும்பினார். “வே, நீரு கீழதானே நின்னீரு? உண்மையச் சொல்லணும். பிள்ளை சத்தம் கேட்டுச்சா?” சார் மேலே பார்த்து யோசித்தார். “இல்ல அண்ணாச்சி. அம்மா சத்தம் கேட்டுச்சு. பிறகு உங்க சத்தம் கேட்டுச்சு. பிள்ளை சத்தம் கேக்கல.” படியில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி நுரையைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மூடியை அழுத்திப் போட்டு, மேசைமேல் வைத்தார். வாசல்வரை போனவர் நின்றார். “அப்போ நம்ம பேச்சுப்படி ஒரு தப்பும் நடக்கல, நாளைக்கு வந்துரு. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும் தாயி, என் கொரலு அம்புட்டுக் கீச்சாவா இருக்கு?”

இப்போதும் தினமும் அந்த மாடி ஏறுகிறேன், பயமும் கூடவேதான் ஏறுகிறது, ஆனால் இப்போதெல்லாம் அது பகுதி நேர ஊழியர்தான்.