கட்டிங் மாஸ்டர் பீட்சா வெட்டுகிறார்

கத்தரிக்கோலைக் காகிதத் துவாலையால் துடைத்து, விளக்கில் காட்டித் திருப்பிப் பார்த்து, காதருகே கொண்டுபோய் ஒரு முறை திறந்து மூடி, அந்தச் 'சரக்'கைக் கண்மூடிக் கேட்டுவிட்டுத்தான் கட்டிங் மாஸ்டர் பீட்சாவின் பக்கம் திரும்புவார். முதன்முறை பார்க்கிறவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். பழகியவர்கள் தங்கள் தட்டில் இருப்பதை மறந்துவிட்டு அவர் தட்டைப் பார்ப்பார்கள்.

அது துணியிலிருந்து ஓய்வு பெற்ற கத்தரி. "சர்வீஸ் முடிஞ்சு பென்ஷன்ல இருக்குது சார். இப்ப சாப்பாட்டு டிபார்ட்மென்ட்" என்று மாஸ்டர் அதை அறிமுகம் செய்வார். பணியில் இருக்கும் கத்தரி கடையிலேயே பூட்டில் இருக்கிறது. அதை எடுத்துக் காகிதம் நறுக்கியதாகச் சந்தேகப்பட்டுத் தாலி கட்டிய மனைவியையே ஒரு வாரம் விசாரித்தவர் அவர். பென்ஷன் கத்தரியை அந்த அம்மாள் கொதிநீரில் போட்டெடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்து எடுத்து வருவார். "அவங்கவங்க பையில லிப்ஸ்டிக்கு, சீப்புன்னு இருக்கும். எனக்கு வாய்ச்சதைப் பாருங்க" என்று கத்தரியை எடுத்துக் கொடுக்கும்போது மாதம் தவறாமல் ஒரு குறையும் சேர்த்துக் கொடுப்பார்.

தையற்கடையும் பீட்சா கடையும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. பீட்சா கடை அதிகம் அலட்டிக்கொள்ளாத இடம். கட்டம் போட்ட மேசை விரிப்பு, ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே மடித்து வைத்த அட்டை, கடைசியில் வாய் திறந்து செந்நிறமாக மூச்சுவிடும் செங்கல் அடுப்பு. புருவத்தில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும் அடுப்புக்காரர்தான் முதலாளி. அவருடைய ஏப்ரன்களெல்லாம் எதிர்க்கடையில் தைத்தவை. அந்த உறவில் ஒரு நாள் சாப்பிடப் போன மாஸ்டர், அடுப்புக்காரர் சக்கரக் கத்தியை உருட்டிப் பீட்சாவைத் துண்டு போடுவதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எவ்ளோ அழகான வட்டம்! அதுல போய்க் குறுக்கயும் நெடுக்கயும் ரயில் ஓட்டறாரே, பாவம்."

மறுமுறை கத்தரியோடு வந்தார். அடுப்புக்காரருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். மாஸ்டர் அமைதியாகக் கேட்டார்: "உங்க ஏப்ரனை நான் சக்கரம் உருட்டியா வெட்டினேன்?" அடுப்புக்காரர் குனிந்து தன் ஏப்ரனைப் பார்த்துக்கொண்டார். அன்று முதல், மாதம் ஒருமுறை மாஸ்டர் தம்பி குடும்பத்தோடு வந்து உட்காரும் ஜன்னலோர மேசைக்கு வெட்டாத பீட்சா போகிறது.

மாஸ்டர் சமமாக வெட்டமாட்டார். சமத்துவம் என்பது ரெடிமேட்காரர்களின் கொள்கை என்பது அவர் எண்ணம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோளையும் இடுப்பையும் அரைக்கண்ணால் அளந்து, அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டுவார். ஒல்லியான தம்பிக்கு முழுக்கை போல நீளமாக ஒன்று. தம்பி மனைவிக்கு அளவான ஒன்று. பச்சை இலை ஒன்றாவது ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வந்தாக வேண்டும், அது பட்டன். கருகின ஓரத்தை யாரும் பிய்த்துப் போடக்கூடாது, அது கரை.

"எனக்கு மட்டும் ஏங்க இவ்ளோ அகலமா வெட்டறீங்க?" என்பார் மாஸ்டரின் மனைவி.

"அளவு எடுத்தா அப்படித்தானே வருது."

"என்னை எப்ப அளவு எடுத்தீங்க?"

"கல்யாணத்தப்ப எடுத்தது செல்லாது. இது போன மாசத்துது."

அந்த அம்மாள் கத்தரியைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். எல்லோருக்கும் அது நல்லது.

ஆனால் வெட்டுவதைவிட வெட்டாமலிருப்பதில்தான் மாஸ்டர் பெயர் பெற்றவர். கடையில் துணியை மேசைமேல் விரித்து, சுருக்கத்தைப் புறங்கையால் நீவிவிட்டு, காதில் செருகிய சாக்குக்கட்டியை எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிடும். கண் துணியில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். தெருவில் சைக்கிள் மணி அடிக்கும், வெயில் மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகரும், நீலத் துணியில் சின்னச் சின்ன அலைகள் எழுந்து அடங்குவது போலிருக்கும், மாஸ்டர் எங்கோ கரையில் உட்கார்ந்திருப்பார். அவசரமாக வந்த வாடிக்கையாளரிடம் தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல் தம்பி சொல்வார்: "அண்ணன் வெளிய போயிருக்காருங்க."

"இதோ நிக்கிறாரே!"

"நிக்கிறது உடம்புங்க. வந்துடுவாரு, உக்காருங்க."

திரும்பி வந்ததும் மாஸ்டர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டார். "வெட்டாத துணியில தப்பே கிடையாது சார். கத்தரி வெச்ச பிறகுதான் எல்லா வம்பும்" என்பார்.

தம்பி வேறு வகை மனிதர். வாடிக்கையாளர்களைச் சமாளிப்பது அவர் இலாகா. "எல்லாம் முடிஞ்சிடுச்சு, ஹூக்கு மட்டும்தான் பாக்கி" என்று அவர் சொல்லும்போது துணி பெரும்பாலும் பொட்டலத்திலிருந்தே வெளியே வந்திருக்காது. ஆனாலும் அந்த வாக்கியத்தில் இருக்கும் கனிவுக்காகவே மக்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அண்ணனுக்குத் தைக்க வராது. அவர் ஆசைப்பட்டுத் தைத்த ஒரு பட்டன், சட்டைக்காரர் வாசற்படி இறங்குவதற்குள் தன் வழியே போய்விட்டது. தம்பிக்கு வெட்ட வராது. அவர் இரண்டாக வெட்டிய துண்டு ஒன்று, பார்த்தவர்கள் எண்ணும்போதெல்லாம் மூன்றாக இருந்தது. இருவரையும் சேர்த்தால் ஒரு தையற்காரர் தேறுவார்.

அந்த ஒரு தையற்காரரைத்தான் பாகம் பிரிப்பதாக இருந்தது.

குறை தம்பியுடையது. பழைய குறை. "நல்லா அமைஞ்சா மாஸ்டர் கட்டிங்குன்னு சொல்றாங்க. பிடிச்சா, இழுத்தா, தையல் சரியில்லைங்கறாங்க. என் பேரு தப்புக்கு மட்டும்தான் வருது" என்று அவர் மனைவியிடம் சொல்ல, மனைவி தன் அண்ணனிடம் சொல்ல, அந்த மச்சானுக்கோ அடுத்த தெருவில் ஒரு கடை காலியாக இருந்தது. காலியான கடை, மனத்தாங்கல் உள்ள தம்பி, சும்மா இருக்கிற மச்சான். இந்த மூன்றும் சேர்ந்த பிறகு ஒரு குடும்பத்தைக் கடவுளே வந்தாலும் ஒட்டவைப்பது சிரமம்.

வீட்டில் பேசினால் குரல் உயரும் என்று தம்பியின் அண்ணிதான் இடத்தைத் தீர்மானித்தார். கடைக்கு விடுமுறை நாள், மாலை, வழக்கமான ஜன்னலோரம். ஒரே ஒரு நிபந்தனை: "முதல்ல சாப்பிடுவோம். வயிறு காஞ்சிருந்தா வாயில நல்லது வராது. சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசிக்கலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நிபந்தனையில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, ஒருவரைத் தவிர.

மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வெளியே ஈரம், உள்ளே அடுப்பின் ஆவி. நடுவில் தெருவிளக்குகள் உருகின வெண்ணெய் போல மிதந்தன. எதிர்க்கடையின் மூடிய கதவும் பெயர்ப்பலகையும் தண்ணீருக்கடியில் கிடக்கும் பொருள்களைப் போல அசைந்தன. பக்கத்து மேசையிலிருந்த எனக்கே சொந்த வயது மறந்துவிடும் போலிருந்தது.

அண்ணியும் ஓரகத்தியும் மழையைப் பற்றிப் பேசி முடித்தார்கள். மழைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா. ஓரகத்தி வாய் தவறி ஆரம்பித்துவிட்டாள்.

"புதுக் கடைக்கு ஒரு கட்டரைப் பாத்திருக்கோம் அக்கா. பெரிய கடைல வேலை பாத்தவராம்."

"சாப்பிட்டப்புறம்" என்றார் அண்ணி.

"சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

மாஸ்டர் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். தன் இடத்தில் இன்னொருவர் நின்று தன் தம்பிக்குத் துணி வெட்டித் தரப்போகிறார் என்பதை ஒரு மனிதன் எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்த ஒழுக்க நூலும் சொல்லவில்லை. அவர் கத்தரியைக் காதருகே கொண்டுபோனார். 'சரக்'. கண்களை மூடிக்கொண்டார்.

பீட்சா வந்தது. பெரிய வட்டம். சிவப்பின்மேல் வெள்ளை உருகி ஏரிகளாகத் தேங்கியிருந்தது. ஏரிகளின் நடுவில் துளசிக்கு ஒன்றுவிட்ட சகோதரி போன்ற அந்தப் பச்சை இலைகள். ஆவி மேலெழுந்து நால்வர் முகத்தையும் கொஞ்ச நேரம் ஒரே முகமாக்கியது. மாஸ்டர் கத்தரியை உயர்த்தினார். கை பாதியில் நின்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஆவி மெலிந்தது.

பரிமாறுகிற பெண் தக்காளி சாஸ் புட்டியோடு வந்து, மாஸ்டரைப் பார்த்து, "சார், ஏதாவது சரியில்லையா?" என்றாள்.

"அண்ணன் வெளிய போயிருக்காரும்மா" என்று தம்பி தன்னையறியாமல் சொல்லிவிட்டு, சொன்னதற்காக முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"ஏங்க, ஆறுதுங்க" என்றார் அண்ணி.

"ம்."

"பசிக்குதுங்க."

"வெட்டலாம், வெட்டலாம்."

ஏரிகள் உறைந்தன. வெள்ளை மங்கிப் பட்டுத்துணி போல ஆனது. அடுப்புக்காரரே எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். சூடு போன பீட்சாவைப் பார்ப்பது அவருக்குப் பெற்ற பிள்ளை மழையில் நனைவதைப் பார்ப்பது போல. "மாஸ்டர், நான் வேணா சக்கரத்தை எடுத்துட்டு வரட்டுமா?" என்று கெஞ்சினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே அடுப்புக்குத் திரும்பினார்.

தம்பிக்கு இப்போது விளங்கிவிட்டது. "அண்ணே, நீங்க விடிய விடிய இப்படியே உக்காந்திருந்தாலும் பேச வேண்டியதைப் பேசித்தான் ஆகணும்."

மாஸ்டர் பீட்சாவைப் பார்த்தபடியே சொன்னார். குரல் வெகு தொலைவிலிருந்து வருவது போலிருந்தது.

"அந்த நர்ஸம்மா ஜாக்கெட்டு. தோள் இறங்குதுன்னு வந்து கத்தினாங்களே. அது தையல் இல்லடா. கழுத்தை நான் அகலமா வெட்டிட்டேன்."

ஜன்னலில் ஒரு துளி இன்னொரு துளியோடு சேர்ந்து வழிந்தது.

"தெரியும்" என்றார் தம்பி.

"தெரியுமா? அப்புறம் ஏன்டா அவ்ளோ திட்டையும் வாங்கிக்கிட்டே?"

"கடை நிறைய ஆளுங்க. அத்தனை பேரு முன்னாடி 'எங்கண்ணன் தப்பா வெட்டிட்டாரு'ன்னு சொல்லச் சொல்றீங்களா? என்னால ஆகாது."

"இதை நீங்க என்கிட்டயே சொல்லலையே!" என்று தம்பி மனைவி கேட்டாள். கேள்வி தவறான இடத்தில் வந்துவிட்டதால் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் பெருமூச்சு விட்டுக் கத்தரியைப் பீட்சாவின் ஓரத்தில் வைத்தார். இவ்வளவு நேரமும் யாரையும் அளந்து பார்க்காதவர் இப்போதும் பார்க்கவில்லை. நடுவுக்குப் போகவேண்டிய கத்தரி நடுவுக்குப் போகாமல் கரையோரமாகவே நடந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு ஓரத்தை வளைத்துக்கொண்டே போய், தொடங்கின இடத்தை நெருங்கியதும் அதைத் தொடாமல் உள்பக்கம் நழுவி, இரண்டாவது சுற்றில் இறங்கியது. சூடாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எல்லாம் வழிந்து விரலைச் சுட்டிருக்கும். ஆறிப்போன பீட்சா நல்ல துணி போல நின்று கொடுத்தது.

சின்னப் பெண்களின் கவுனுக்கு ஃபிரில் வைக்கத் துணியை இப்படித்தான் வெட்டுவார்கள். வட்டத் துணியைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி வெட்டிக்கொண்டே போனால், ஒட்டில்லாத ஒரே நீளப் பட்டியாக வரும். இழுத்தால் தானே அலை அலையாக விழும். எதிர்க்கடையில் இது எப்போதும் இருவர் வேலை. அண்ணன் வெட்ட வெட்டப் பட்டி நீளும். அது தரையில் விழாமல் நுனியைப் பிடித்து, காலால் மிதித்தபடி மெஷினுக்குள் விடுவது தம்பி.

"என்னங்க இது, பாம்பு மாதிரி!" என்றார் அண்ணி. "இதை யாருக்குன்னு எடுத்து வைக்கிறது?"

கத்தரி மூன்றாம் சுற்றில் இருந்தது. அடுப்புக்காரர் கையில் மாவோடு நின்றார். பரிமாறுகிற பெண் புட்டியைத் திறக்க மறந்து நின்றாள். அடுப்பு மட்டும் மூச்சுவிட்டது.

தம்பி இதையெல்லாம் பார்க்க விருப்பமில்லாதவராக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்டியாகிவிட்டது, இனிப் பேச்சு. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை மழையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "அண்ணே, அந்தக் கட்டிங் டேபிள் விஷயமா நான் என்ன சொல்றேன்னா..."

மாஸ்டர் பட்டியின் நடுப்பகுதியை இரு விரலால் தூக்கினார். சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிலிருந்து எழுந்தன. கருகின கரையோடு வெளிநுனி மேசை விளிம்பைத் தாண்டிச் சரிந்தது.

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே தம்பியின் இடதுகை நீண்டு, விழப்போன நுனியைத் தாங்கிப் பிடித்தது. கீழே விழுந்த துவாலையை எடுக்கக் குனிந்த எனக்கு, மேசைக்கடியில் அவருடைய வலதுகால் தரையை மெல்ல மிதித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.