சரியானதும் கூப்பிட்டுச் சொல்லணும்

என் அண்ணிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆள். பிரேக் எந்தக் காலுக்கு, கியர் எந்தக் காலுக்கு என்று கேட்டால் இன்றைக்கும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். அவளைத்தான் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நடுரோட்டிலிருந்து கூப்பிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறார்கள். அவளும் கையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா?

எங்களுடையது சலவைக்கடை. முன்னறையில் இரண்டு இஸ்திரி மேசை, பின்னால் துவைக்கிற தொட்டிகள், மொட்டை மாடி முழுக்கக் கொடிக்கயிறு. அண்ணியும் நானும்தான் முதலாளி, வேலைக்காரி எல்லாம். என் அண்ணன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பான். கப்பலேறும் முன் பெண்டாட்டிக்குப் புது சிம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். வினையே அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அந்த நம்பர் முன்பு நெடுஞ்சாலை மெக்கானிக் ஒருவருடையது. மனுஷன் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். ஆனால் அதற்கு முன் நெடுஞ்சாலை முழுக்கப் பாலம், சுவர், கரண்டுக் கம்பம் ஒன்று விடாமல் 'வண்டி நின்றுவிட்டதா?' என்று எழுதி, கீழே நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். நல்ல பெயிண்ட் போலிருக்கிறது, அழியவே இல்லை.

முதலில் அண்ணியும் தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். தப்பான நம்பர் என்று அண்ணி சொன்னதும் அந்தப் பெண், "பரவாயில்லைங்க, வச்சிடாதீங்க. கொஞ்ச நேரம் பேசிட்டு மட்டும் இருங்க. இங்க ஆளே இல்ல, பயமா இருக்கு" என்றாளாம். என்ன பேசுவது? ஹேண்டிலில் என்னென்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்று அண்ணி கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, சிவப்பாக ஒரு சுவிட்ச் இருக்கிறதே, இது என்ன என்று தட்டிப் பார்த்தாள். பிறகு உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. வீடு போய்ச் சேர்ந்ததும் மறுபடி கூப்பிட்டு, அது எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச், குழந்தை அதை அமுக்கி விளையாடியதுதான் கோளாறு என்று சொன்னாள்.

அன்றைக்கு அண்ணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாப்பிடும்போது கூட அந்தச் சிவப்புச் சுவிட்சைப் பற்றித்தான் பேச்சு.

அதிலிருந்து ஒரு சட்டம் போட்டுவிட்டாள். யார் கூப்பிட்டாலும் தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்பாள். "சரியானதும் கூப்பிட்டு என்ன கோளாறுன்னு சொல்லணும்." சொந்தமாகச் சரிசெய்தாலும் சரி, தள்ளிக்கொண்டு போய் யாரிடமாவது காட்டினாலும் சரி, சொல்லியாக வேண்டும். முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். பிளக்கில் கரி, பேட்டரி ஒயர் தளர்ந்தது, மழைத் தண்ணீர் புகுந்தது. ஒருவர் சொன்ன கோளாறு அடுத்தவருக்கு மருந்தாகும். இப்படித்தான் அவள் கற்றுக்கொண்டாள், ஒரு நட்டைக்கூடத் தொடாமல்.

ஆண்களைச் சமாளிப்பதற்குத் தனி வித்தை வைத்திருந்தாள். பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டால் சிலருக்குப் பொத்துக்கொண்டு வரும். அதனால் டாங்கில் காற்று அடைத்திருக்கும், மூடியைத் திறந்து வண்டியைக் குலுக்கிப் பாருங்கள் என்பாள். குலுக்கினால் உள்ளே சொட்டுக்கூட இருக்காது. அந்த மனுஷர் சாயங்காலம் கூப்பிட்டு, ஆமாம் அக்கா, காற்றுதான் அடைத்திருந்தது என்று கூசாமல் சொல்வார். அண்ணியும், நான் அப்போதே நினைத்தேன் என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எல்லாம் சரி. ஆனால் என் போன் தொட்டியில் விழுந்து உயிரை விட்டதிலிருந்து கடைக்கு, வீட்டுக்கு, அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு போன்தான். வாடிக்கைக்காரர்களுக்கு லைன் கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கப்பல் கரைப்பக்கம் வரும்போது அண்ணன் கூப்பிடுவான், அவனுக்கும் கிடைப்பதில்லை. போன வாரம் வெடித்துவிட்டான். அடுத்த தடவை கூப்பிடும்போது புது நம்பரில்தான் எடுக்க வேண்டும், இந்த நம்பரைத் தலைமுழுகிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அண்ணி பார்க்கலாம் என்றாள். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அது அண்ணனுக்கும் தெரியும். அதனால் வேலையை என்னிடம் ஒப்படைத்தான். நானும் அவன் கட்சிதான். புது சிம் வாங்கிவந்து, நம்பரை அண்ணனுக்கு மெசேஜில் அனுப்பிவிட்டு, கல்லாப் பெட்டிமேல் வைத்தேன்.

அவன் மறுபடி கூப்பிடுகிற நாளன்று காலை அண்ணியிடம் கேட்டே விட்டேன். முன்பின் தெரியாதவர்களோடு தொண்டை கிழியக் கத்தி உனக்கென்ன லாபம் என்றேன். அவள் சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தபடியே பேசினாள்.

"லாபமா? இந்த வீட்டுல நான் ஒண்ணு சொன்னா யாரு காது குடுத்துக் கேக்கறீங்க? உங்கண்ணன் போன் பண்ணாலும் அதைச் செஞ்சியா இதைச் செஞ்சியாதான். அவங்க நான் சொல்றதைக் கேக்கறாங்க. செஞ்சு பாக்கறாங்க. ஆச்சுக்கான்னு திரும்பக் கூப்பிட்டுச் சொல்றாங்க. இதையும் பிடுங்கணுமா நீ?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கிற ஜென்மமா நான்? போனை எடுத்து, சிம்மைக் கழற்ற ஊக்கைத் தேடினேன். அப்போது போன் அடித்தது. அண்ணி பாய்ந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

ஒரு ஆண் குரல், மூச்சு வாங்கியது. வண்டியில் மீன் குஞ்சு கொண்டு போகிறாராம். தண்ணீரோடு காற்றும் அடைத்த பை. உச்சி வெயிலுக்குள் குளத்தில் விடாவிட்டால் எல்லாம் செத்துப்போகும். போன வருஷம் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, அது சரிந்து கிழிந்தது தெரியாமலே வீடு வந்தாராம். ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை, குளம் வருஷம் முழுக்க வெறும் தண்ணீராகக் கிடந்தது. பண்ணையில் இந்தப் பருவத்துக்கு இதுதான் கடைசிக் குஞ்சு. வண்டியோ ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் போகிறது, செத்துப்போகிறது. பிறகு எவ்வளவு உதைத்தாலும் அசையாது. சற்று நேரம் விட்டால் மறுபடி கிளம்பி, மறுபடி நிற்கிறது.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சிவப்புச் சுவிட்சு, பெட்ரோல், பிளக், ஒயர் என்று வரிசையாகக் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார். வழியில் நின்ற ஒருவர் எஞ்சினே போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாராம். மனுஷருக்குக் குரல் உடைந்தது. விடுங்கள் அக்கா, என் தலையெழுத்து என்றார்.

"விடறதா? நான் விடலையே, நீங்க எப்படி விடுவீங்க? எப்பருந்து நிக்குது, அதைச் சொல்லுங்க."

கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடியது, வெயில் ஏறிய பிறகுதான் என்றார். அப்போது போனில் 'அவர்' என்று வந்தது. அண்ணன்! புது நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்து, கிடைக்காமல் இதற்கு வந்திருக்கிறான். நான் பதறிப்போய் அண்ணியின் தோளைத் தட்டினேன்.

"அவரு தண்ணிமேல பத்திரமாத்தான் இருக்காரு. இந்தக் குஞ்சுகளுக்குத்தான் தண்ணி வேணும். நீ சும்மா இரு" என்றாள் அண்ணி. மணி அடித்து ஓய்ந்தது.

வெயில் ஏறியதும் என்ன செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றார். வண்டிக்குச் செய்ததைக் கேட்கவில்லை, மீனுக்கு என்ன செய்தீர்கள் என்றாள். சூடு ஏறக்கூடாதென்று சாக்கை நனைத்துப் போட்டேன் என்றார். எங்கே?

"டாங்க்மேலதான். இந்தத் தடவை பை கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு டாங்க்மேல வச்சு, ஈரச் சாக்கைச் சுத்திக் கட்டியிருக்கேன்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். தபால்காரர் ஒருவர் எப்போதோ கூப்பிட்டுச் சொன்ன கோளாறு அது. டாங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அவர் மழைக்கோட்டை மூடிமேல் இறுக்கிக் கட்டியதில் அந்த ஓட்டை அடைத்துக்கொண்டது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பையைத் தூக்குங்க. சாக்கை எடுங்க. மூடியைத் திறங்க."

ஸ்பீக்கரில் உஸ்ஸென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. உதைக்கச் சொன்னாள். வண்டி உறுமியது. பையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மூடிமேல் சாக்கு படாமல் மடித்துக் கட்டுங்கள் என்று அண்ணி கத்திக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. அவர் போனில் சார்ஜ் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

அப்புறம் காத்திருப்பு. மத்தியானம் போயிற்று, வெயில் சாய்ந்தது. அண்ணி ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். போனைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். நான் சிம்மைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் வேலை ஓடவில்லை. யாரோ ஒருவருடைய மீன் குஞ்சு செத்தால் எனக்கென்ன? ஆனால் சார்ஜ் இருக்கிறதா என்று போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

போன் அடித்தது. எடுத்தால் அண்ணன். அண்ணி தொட்டிப் பக்கம் போயிருந்தாள். அவன் எடுத்த எடுப்பில், நம்பரை மாற்றச் சொன்னால் இவ்வளவு அலட்சியமா, நீயும் அவளோடு சேர்ந்துகொண்டாயா என்று எகிறினான். நான் வாயைத் திறப்பதற்குள் காதில் இன்னொரு அழைப்பு வருகிற சத்தம். திரையைப் பார்த்தேன். காலையில் வந்த அதே நம்பர்.

"அண்ணே, வை. மீன்காரர் கூப்பிடறாரு."

"யாரு? எந்த மீன்காரன்?"

"எல்லாம் அப்புறம் சொல்றேன். நம்பரை மாத்தப் போறதில்ல, அதை மட்டும் இப்பவே கேட்டுக்கோ."

பெற்ற தாய்க்குச் சமமாக என்னை வளர்த்த அண்ணன். அவன் பேசும்போது நான் பாதியில் வைத்ததே கிடையாது. வைத்தேன். அண்ணியைக் கூவி அழைத்தேன். கை நிறைய சோப்பு நுரையோடு ஓடிவந்தாள். போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வெளியேயும் கேட்டது.

"அக்கா, குளத்துல விட்டாச்சு. நாலஞ்சுதான் மிதந்துச்சு. மத்ததெல்லாம் விட்டதும் பிச்சுக்கிட்டு ஓடிடுச்சு. வந்த வழியெல்லாம் சார்ஜ் இல்ல, இப்பதான் பக்கத்துத் தோட்டத்துல போட்டேன். வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அண்ணி நுரைக் கையால் கண்ணைத் துடைக்கப் போய், சோப்பு கண்ணில் பட்டு, இன்னும் அதிகமாக வழிந்தது. அவர் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் போனை என் வாய்ப்பக்கம் திருப்பினேன்.

"அக்கா கேட்டுட்டுதான் இருக்காங்க. வண்டில என்ன கோளாறு, அதைச் சொல்லுங்க முதல்ல."

சாக்குதான் என்று அவர் சிரித்தார். அண்ணி தலையை ஆட்டினாள். புது சிம் இன்னும் கல்லாப் பெட்டிமேல்தான் கிடக்கிறது. அண்ணன் ஊருக்கு வந்ததும் அவனிடமே கொடுத்துவிடப் போகிறேன்.