மாப்பிள்ளைகள் ஏறிய கார்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது எங்கள் காரைத்தான். பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசலை அடைத்துக்கொண்டு அது நிற்கும். கறுப்பு நிறம், மடக்கித் திறக்கிற துணிக்கூரை, ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் போல நீளமான பானெட். படியேற வேண்டுமென்றால் அதைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அப்படிச் சுற்றி வருகிற நேரத்திலேயே பிள்ளை வீட்டார் மனத்தில் கேட்க வேண்டிய சீர் ஒரு மடங்கு ஏறிவிடும். மேலே வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, நான் பாடியதை அரைக்காதில் கேட்டுவிட்டு, "கீழே நிக்கறதே, உங்க காரா?" என்பார்கள். அப்பா ஆமாம் என்பார். அந்த ஆமாமைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற களை, நான் பிறந்தபோதுகூட வந்ததா என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். அந்தக் களையைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன்.

அப்பா ஃபோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். கார் வாங்குகிற ஜாதி இல்லை நாங்கள். கார் அவருடைய துரையுடையது. யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும் பம்பாயில் ஒரு விசித்திரம் நடந்தது. சின்னஞ்சிறு கார்களுக்குக் கிராக்கி ஏறிற்று. பெரிய அமெரிக்கக் கார்களைச் சீந்துவாரில்லை. அந்த எட்டு சிலிண்டர் வயிற்றுக்கு யார் பெட்ரோல் ஊற்றுவது? துரை பட்டாளத்துக்குப் போகிற அவசரத்தில், யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றிருக்கிறார். அம்மாவின் ஒரு ஜோடி வளையலோடு காரியம் முடிந்தது. கணக்கெழுதிப் பிழைக்கிறவர்களுக்கு வருகிற தவறு இதுதான். தேவையா என்று பார்க்க மாட்டார்கள், மலிவா என்று பார்ப்பார்கள். "ஆனையைச் சும்மாக் குடுத்தாலும் கட்டித் தீனி போட வேண்டாமோ?" என்று அம்மா கேட்டதற்கு, "இது வெறும் காரில்லைடி, ராஜாக்கள் ஏறின காராக்கும்" என்றார்.

அந்தக் காரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் இப்போது யாருக்கும் தெரியாது. அதைச் செய்த கம்பெனியே காலாவதியாகிவிட்டது. அப்பாவுக்கோ எங்கள் கோத்திரப் பெரியவர்களைவிட அந்தக் கம்பெனியின் வம்சம் நன்றாகத் தெரியும். சமஸ்தானத்து மகாராஜாக்கள் ஒன்று வாங்கிப் பிடித்துப்போய், குடும்பத்துக்கு ஆளுக்கொன்று வரவழைத்த கதையைச் சொல்வார். மற்ற கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு முகம் மாற்றும்போது, இது மட்டும் முன்பக்க ரேடியேட்டரின் வடிவத்தை மாற்றாமல் வைத்திருந்த பெருமையைச் சொல்வார். யுத்தத்துக்காக அங்கே கார் செய்வதையே நிறுத்தி ஆகாய விமான என்ஜின் செய்கிறார்களாம். அவர்கள் விளம்பரத்தில் தங்கள் காரைத் தாங்களே புகழ மாட்டார்களாம், வைத்திருக்கிறவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் போடுவார்களாம். இதையெல்லாம் அவர் பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு அப்பா சொல்கிற இந்தி பாதி புரியாது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

வைத்திருக்கிறவர் பாடு எங்களுக்குத்தான் தெரியும். கூப்பன் பெட்ரோலில் மாஹிம் வரை நாலு தடவை போய்வந்தால் அந்த மாதம் முடிந்தது. கடைசியில் தாராவியில் ஒரு திருநெல்வேலிக்கார மெக்கானிக்கிடம் கொண்டுபோய், கரி எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டுகிற அடுப்பைப் பின்னால் பொருத்தச் சொன்னார். அப்போது பெரிய பெரிய மனிதர்கள் காரிலேயே அது இருந்ததால் கௌரவக் குறைச்சல் என்று யாரும் நினைக்கவில்லை. மெக்கானிக்தான் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "சாமி, மகாராசா கணக்கா இருக்கு. இது முதுகுல போயி கரியடுப்பக் கட்டச் சொல்லுதியளே, நமக்கே மனசு கேக்கலியே." அப்பாவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் வரை போய்வர வேண்டுமென்றால், காலையில் பாதி நேரம் அடுப்பை விசிறுவதில் போய்விடும். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். ராஜாக்கள் ஏறின காரை நான் தள்ளியிருக்கிறேன் என்பது என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளக்கூடிய பெருமைகளில் ஒன்று.

ஆனால் அந்தக் காருக்கு ஒரு வேலை வாய்த்தது. எங்களவர் கல்யாணத்தில் முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் போட்டு, திறந்த காரில் உட்கார்த்தி, நாதஸ்வரத்தோடு ஊர்வலம் அழைத்து வருவார்கள். ஜானவாசம் என்று பெயர். யுத்தகாலத்தில் திறந்த காருக்கு எங்கே போவது? ஆகையால் மாட்டுங்காவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. மாதக் கூப்பனை அதற்கென்றே சேர்த்து வைப்பார். கரியடுப்பைக் கழற்றிவிட்டு, விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கி, தானே ஓட்டிக்கொண்டு போவார். வெற்றிலை பாக்கு தேங்காயைத் தவிர எதையும் தொட மாட்டார். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் அத்தனை பேருடைய மாப்பிள்ளைகளையும் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கியவர் என் அப்பா. எனக்கு மட்டும் வரன் குதிரவில்லை.

அவர் உண்மையைச் சொல்லாமலில்லை. நான் சம்பளக்காரன், கார் சல்லிசாக வந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். "இருக்கிறவாள்ளாம் இப்படித்தான் சொல்லுவா" என்று சிரித்தார்கள். கேட்டதைக் குறைக்கவில்லை. ஒரு வரன் போயிற்று, இன்னொன்று போயிற்று. அலங்கரித்துக்கொண்டு உட்காருவதும் பாடுவதும் எனக்குச் சலித்துப்போய், கடைசியில் எல்லோருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடினேன். விற்றுத் தொலைத்திருக்கலாம், வாங்க ஆளில்லை. அம்மா ஒருநாள் சாதம் பரிமாறிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஊரார் மாப்பிள்ளையெல்லாம் உங்க கார்ல ஏறியாச்சு. நம்மாத்துக்கு ஒருத்தன் வர வழியைத்தான் காணும்." அப்பா மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

அடுத்து வந்தவர்கள் முலுண்ட்காரர்கள். நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை, ரயில்வே உத்தியோகக் குடும்பம். அவர்கள் வருகிற நாளன்று காலையில் அப்பா காரை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனார். திரும்பி வரும்போது நடந்து வந்தார். பால்கனியிலிருந்து பார்த்தேன். கார் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதன் மேல் மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டு மேலே வந்தார். வந்தவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் பேசினார்கள். எங்கள் நிலைக்குத் தகுந்தபடி எல்லாம் ஒத்துப்போயிற்று. எழுந்திருக்கும்போதுதான் என் மாமனார் ஒன்று சொன்னார். "ஒரே ஒரு ஆசை எனக்கு. போன தையில இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தப்போ ஜானவாசத்துல ஒரு அமெரிக்கக் கார் பார்த்தேன். யாரோடதோ தெரியாது. அதை மட்டும் எப்படியாவது ஏற்பாடு பண்ணிடுங்கோ." காரைப் பார்த்தவர் ஓட்டினவரைப் பார்க்கவில்லை. டிரைவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? "விசாரிச்சுப் பார்க்கறேன்" என்றார் அப்பா.

விசாரித்து, கிடைத்துவிட்டது என்று கடிதம் போட்டார். ஜானவாசத்தன்று தாராவி மெக்கானிக் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டினார். அப்பா பெண்ணைப் பெற்றவராகச் சரிகை அங்கவஸ்திரத்தோடு முன்னால் நடந்தார். மண்டபத்து அறையில் பூவும் நகையுமாக உட்கார்ந்திருந்த எனக்கு, ஊர்வலத்தில் சீர்த்தட்டோடு போன சித்தி சொல்லித்தான் மற்றது தெரியும். அந்த என்ஜினுக்கு ஊர்வல நடை ஆகாது. மெல்லப் போனால் சூடேறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி நின்றுவிடும். அன்றும் பாதி வழியில் நின்றது. மெக்கானிக் முன்பு அதை ஊர்வலத்தில் ஓட்டியதில்லை. முடுக்கிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார், வியர்த்து விறுவிறுத்துப்போய் அப்பாவைக் கூப்பிட்டார்: "சாமி, வெரசலா வாங்க! ஒங்க வண்டி ஒங்க கைக்குத்தான கேக்கும்!"

அப்பா ஓடினார். பானெட்டைத் திறந்தார், யாரோ கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் அங்கவஸ்திரத்தை நனைத்துக் குழாயின் மேல் போட்டார், கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த மாமனார் பக்கத்தில் வந்து, "என்ன, உங்க வண்டிங்கறானே? இது உங்க காரா?" என்று கேட்டார். நாதஸ்வரம் நின்றிருந்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அந்தக் காரில் ஏறிய மாப்பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். அப்பா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாராம்: "இல்லை. அவனோடதாக்கும். எங்க துரைகிட்ட இப்படி ஒண்ணு இருந்தது, அவர் செய்யறதைப் பார்த்திருக்கேன்." மாட்டுங்காக்காரர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கார் கிளம்பிற்று. எண்ணெய்க் கறை பட்ட அங்கவஸ்திரத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா மறுபடியும் முன்னால் நடந்தார். எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

சொன்ன சொல்லுக்குக் கார் தாராவியிலேயே நின்றுவிட்டது. மாமனார் வெள்ளிக்கிழமை தவறாமல் மாட்டுங்காவுக்குக் கோயிலுக்கும் காய்கறிக்கும் வருகிறவர். வாசலில் அது எப்படி நிற்கும்? அப்பா முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யுத்தம் முடிந்தது, எல்லோரும் புதுக் கார் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மெக்கானிக் பின்பாதியை வெட்டிச் சாமான் வண்டியாக்கலாமா என்று கேட்டபோது, "என்னை ஏன் கேக்கறே, உன் வண்டி" என்றாராம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கொஞ்ச காலம் அது தாராவியிலிருந்து தோல் மூட்டை ஏற்றிற்று. பிறகு அப்பா அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். இப்போது நான் இருக்கிற முலுண்ட் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு கார். நிறுத்த இடமில்லை என்று தினமும் கீழே சண்டை, வாட்ச்மேனை வைத்துச் சமாதானம். ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். கார் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அசதியாக இருக்கிறது.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து என் மூத்த பிள்ளைக்கு ஆண்டு நிறைவு வந்தது. அப்பா மாட்டுங்காவிலிருந்து ரயிலில் வந்திருந்தார். மாமனார் தன் நண்பர்களிடம், எந்த விசேஷத்திலும் சொல்கிற அந்த ஜானவாசக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கார் நின்றது, சம்பந்தி அங்கவஸ்திரத்தை நனைத்துப் போட்டது, எல்லாம். முடித்துவிட்டு அப்பாவின் முதுகில் தட்டி, "பாவம், இவரும் ஒரு தரமாவது அதுல ஏறிப் பார்த்திருக்கணும். டிராமையும் ரயிலையும் தவிர என்னத்தைக் கண்டார்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் காபித் தட்டோடு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. காரை ஒளித்துவைத்துக் கல்யாணம் செய்தவர்கள் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் எனக்கு அது ஒரு சொல்லாகிவிடும். அதனால் என் கணவரிடம்கூட நான் மூச்சுவிட்டதில்லை. அன்று வந்துவிட்டது. "அது அப்பாவோட கார்" என்றேன்.

மாமனார் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "கொழந்தை சின்னதிலேருந்தே அப்படித்தான்" என்றார், எல்லோருக்கும் பொதுவாக. "ரோட்டுல எந்தப் பெரிய கார் போனாலும் எங்கப்பாதுன்னு சொல்லுவா. கல்யாணம் ஆயும் போகலை பாருங்கோ." கூடமே கொல்லென்று சிரித்தது. அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும், அவர் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.