ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் ஒரு சுருதி

ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்ப்பது ரொம்பச் சுலபமான தொழில்: பித்தளை நாக்கை அரத்தால் மயிரிழை ராவ வேண்டும், காதால் கேட்க வேண்டும், பிறகு காது இருக்கிற எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும். காதை நம்பிப் பிழைக்கும் சக பாவிகளே, ராசிபுரத்தில் கடை போட்டிருக்கும் என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஊசி சொன்னால் சரி

பள்ளிபாளையத்துப் பஜனைக் குழுவின் தலைவரும் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவருமான செங்கோடன் அண்ணன் பெட்டியோடு வந்தார். போன வருச ஏகாதசிக்குக் கோயிலில் பாட்டு ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் போய் மானமே போயிற்றாம். இந்த வருசமும் சொதப்பினால் வாய்ப்பு எதிர்க்குழுவுக்கு. என் பிழைப்பும் அதில்தான் தொங்கியது; ஆற்றோரத்துப் பெட்டிகள் எல்லாம் அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் என்னிடம் வருகின்றன.

சட்ஜத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தி, நடுவில் கேட்கும் 'வொய்ங் வொய்ங்' அடங்கும்வரை ராவினேன். அடங்கியதும், அப்பாடா, இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டன! அண்ணன் காதைக் கொடுக்கவில்லை, போனை நீட்டினார். அதில் சுருதி பார்க்கும் செயலியின் ஊசி நடுக்கோட்டுக்கு வரவில்லை. அது பன்னிரண்டு சுரத்துக்கும் சமமாகப் பங்கு போட்ட கணக்கு, காதுக்குக் கணக்கு வேறு என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

"உங்க காதுக்கு அம்பது வயசாச்சுங்க. இந்தப் போன் போன மாசம் வாங்குனது" என்றார்.

கரண்ட் போனது

ஊசி சொன்னபடியே ராவிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அழைப்பு வந்தது: பாடுகிற ராசு பெட்டியோடு சேரவே இல்லையாம். பஸ் பிடித்துப் போனேன். ஒத்திகை அண்ணனின் தறிப்பட்டறையில். தறிகளை நிறுத்திவிட்டார்கள், நூல் சுற்றும் மோட்டார் மட்டும் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஐந்து கட்டைச் சுருதி வைத்தேன், ராசு அதற்குக் கொஞ்சம் மேலே பாடினார். ஐந்தரை வைத்தேன், கொஞ்சம் கீழே. என்ன கொடுமையடா இது என்று விழித்தேன்.

அப்போது கரண்ட் போனது. மோட்டார் நின்றது. ராசுவின் பாட்டும் பாதியில் நின்றது. என் பெட்டி மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

ராசு என்னை முறைத்துச் சொன்னார்: "ஏனுங்க, சுருதியை எதுக்கு நிறுத்துனீங்க?"

ஏகாதசி

இத்தனை நாளும் அந்த உறுமலைப் பிடித்துத்தான் பாடியிருக்கிறார், புண்ணியவான்! மோட்டாரை நிறுத்திவிட்டுப் பழகுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணன் யோசித்துச் செய்வதாகச் சொன்னார்.

ஏகாதசியன்று கோயில் தூணுக்குப் பின்னால் நின்றேன். ராசு ஒரு இடத்திலும் பிசகவில்லை. எதிர்க்குழுவே தலையாட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் போய்ப் பார்த்தேன். அண்ணனின் விரல்கள் கட்டைகளில் ஓடின. காற்றடிக்கும் துருத்தியோ கொக்கி மாட்டியபடி மூடிக் கிடந்தது. மைக்குக்குப் பக்கத்தில் இருந்த போனில், பட்டறையில் பதிவு செய்த மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் அண்ணன் என் தோளில் கை போட்டார். "பெட்டிக்கு யாரு சுருதி சேத்துனதுன்னு ஊரே கேக்குதுங்க. உங்க பேரைத்தான் சொன்னேன்!"

இப்போது ஆற்றோரத்துப் பெட்டிகள் எல்லாம் என் கடையில்தான் குவிகின்றன, அத்தனை பேருக்கும் செங்கோடன் அண்ணன் பெட்டியில் வந்த அதே நாதம்தான் வேண்டுமாம்.