பஞ்சநதம் கிளம்பிக்கொண்டிருக்கிறார்

பஞ்சநதத்தை அவருடைய மனைவி வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு. பேச்சு பிறந்த இடம் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் தௌபீக்கின் டீக்கடை. ஆகையால் அதை உண்மை என்று நம்பவும் முடியாது, பொய் என்று தள்ளவும் முடியாது.

"திங்கக்கெழமையிலேர்ந்து பாக்குறேண்ணே. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில பை. வாசலுக்கு வர்றாரு, கொஞ்சம் நடக்குறாரு, டக்குன்னு திரும்பி உள்ள போயிடுறாரு. உள்ளேர்ந்து யாரோ கயித்தைப் புடிச்சு இழுக்குற மாதிரி" என்றான் தௌபீக்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த செந்தில்குமாரிடம் வேறு தகவல் இருந்தது. பஞ்சநதத்துக்குச் சர்க்கரை கூடிவிட்டதாம், டாக்டர் வாசல் வரைக்கும்தான் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். சர்க்கரைக்கு நடையைக் குறைக்கச் சொன்ன டாக்டரை நான் கேள்விப்பட்டதில்லை. நேரில் பார்த்துவிடுவோம் என்று எழுந்தேன். அடுத்தவர் வீட்டு விவகாரம் என்றால் என் முழங்கால் வலி தெரிவதில்லை.

தெருவின் கடைசி வீடு. கதவு அகலத் திறந்தே கிடந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், வேட்டி கசங்காமல் உட்கார்ந்து, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார் பஞ்சநதம். கீழே, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முறுக்கு டின்னை மடியில் வைத்தபடி அவர் மனைவி ஆனந்தவல்லி அம்மாள்.

"வாங்க தம்பி. உக்காருங்க. என்ன வேணா கேளுங்க, எங்க போறோம்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்பது நம் பக்கத்தில் ஆகாது. கேட்டே தீர வேண்டும் என்றால் 'தூரமா?' என்று கேட்க வேண்டும். தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்ப வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எல்லாரும் கேட்கிறோம். கேட்கப்பட்டவரும் மனசுக்குள் திட்டிக்கொண்டே போய்விடுகிறார். பஞ்சநதம் அப்படிப் போகிற ஆள் இல்லை.

அவர் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்த்தவர். அரிசியில் கல் எங்கே, கறுப்பு எங்கே என்று காலமெல்லாம் பார்த்த கண். ஆலை அவருக்கு ஓய்வு கொடுத்தது. கண்ணுக்கு யாரும் கொடுக்கவில்லை. கவிழ்ந்து கிடக்கும் செருப்பு ஆகாது. இரவல் வாங்கிப் போன பேப்பர் மடிப்பு மாறி வந்தால் ஆகாது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கும் சத்தம் ஆகாது. பஸ்ஸில் செல்போனைச் சத்தமாக வைத்துப் படம் பார்க்கிறவரைக் கண்டால், அந்தப் படம் முடிகிற வரைக்கும் முறைத்துக்கொண்டே வருவார். இத்தனைக்கும் மேலே, சாமி பீடத்தில் வைத்த மாதிரி, இந்த 'எங்கே.'

"அன்னிக்கு ஜமாபந்திக்குக் கெளம்புறேன். ஒருத்தன் எங்கன்னு கேட்டான். மதிக்காம போனேன். என்னாச்சு? தாசில்தார் லீவு" என்றார்.

"யாரும் கேக்காத அன்னிக்கும் லீவு போடுவாங்களே மாமா."

"அது வேற லீவு."

போக வேண்டிய இடம் தஞ்சாவூர். அவர்களுடைய மகள் பிரகதீஸ்வரி, புருஷனுடன் மஸ்கட்டில் இருக்கிறார். லீவுக்கு வந்து, தஞ்சாவூரில் மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பேத்தி மதிவதனிக்கு வந்ததிலிருந்து காய்ச்சல், சளி. குழந்தையை அலைக்கழிக்காதீர்கள், நாங்களே வந்து பார்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்தவர் பஞ்சநதம்தான். நாளை மத்தியானம் அவர்கள் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள். விட்டால் இன்னும் இரண்டு வருஷம்.

திங்கட்கிழமை எதிர்வரிசை இசைவாணி கேட்டாள். செவ்வாய்க்கிழமை செந்தில்குமார் பைக்கை நிறுத்தி, "சார், எங்க சார்? ஏறுங்க, எறக்கி விட்டுடறேன்" என்றான். தெருவே வேண்டாம் என்று கொல்லைப்புறமாக வாய்க்கால் கரையில் இறங்கினார்கள். நடவு வயலிலிருந்து நிமிர்ந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "ஐயா, வெள்ளை வேட்டியோட வரப்புல எங்கங்க?" என்றார்கள்.

"ஆட்டோ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னோம் தம்பி" என்றார் ஆனந்தவல்லி அம்மாள். "அந்தப் புள்ளை வந்து நின்னு, எங்க போகணும்னு கேட்டுச்சு. அது கேக்காம எப்படிங்க ஓட்டும்? இவரு எறங்கி உள்ள வந்துட்டாரு."

"வண்டி நகந்தப்பறம் கேட்டா தோஷமில்ல. நிக்கிற வண்டியில கேட்டான்" என்றார் பஞ்சநதம். இந்தச் சலுகை அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டது.

"நீங்க மட்டும் போயிட்டு வரக்கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் முறுக்கு டின்னின் மூடியைத் திறந்து திரும்ப அழுத்தி மூடினார். "தனியா போனதில்லையே தம்பி" என்றார். பட்டுப்புடவையில் திங்கட்கிழமை மடிப்பு குலைந்து, செவ்வாய்க்கிழமை மடிப்பும் குலைந்திருந்தது. கதவு திறந்திருக்கும் வீட்டில் ஒருவரை அடைத்து வைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆள்தான் தௌபீக் சொன்ன ஆள் இல்லை.

எங்கள் ஊருக்கு டவுன் பஸ் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. காலை பஸ் போய்விட்டது. மத்தியான பஸ்ஸை விடக்கூடாது என்று ஒரு யோசனை சொன்னேன். நான் முன்னால் நடக்கிறேன்; வாசலில் நிற்கிறவர்களை எல்லாம் எச்சரிக்கிறேன்; பின்னால் நீங்கள் வாருங்கள். பஞ்சநதம் யோசித்தார். "வாயைத் தொறக்காம சொல்லணும்" என்றார்.

கிளம்பினோம். முதல் இரண்டு வீடுகள் சாத்தியிருந்தன. எதிரே இசைவாணி ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிட்டே போய், "மாமா வராரு. தயவு பண்ணி எங்கன்னு கேட்டுடாத" என்றேன் மெதுவாக.

"நான் ஏன்ணே கேக்கப்போறேன்? அன்னிக்கே பட்டது போதும்" என்றாள். பிறகு, கொல்லையில் மாடு கூப்பிட்டுப் பழகிய குரலில், "ஆமா, எங்க போறாரு?"

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது.

"உங்களைக் கேக்கலைங்க. தம்பியத்தான் கேட்டா" என்றார் ஆனந்தவல்லி அம்மாள்.

"யாரைக் கேட்டா என்ன? யாரைப் பத்திக் கேட்டா?"

"பஸ் வந்துருங்க."

"ஒரு வாய் தண்ணி. இந்தா வந்துட்டேன்" என்று திரும்பி நடந்தார் பஞ்சநதம்.

இசைவாணி கையில் குழாயோடு நின்றாள். தண்ணீர் அவள் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனந்தவல்லி அம்மாள் திரும்பவில்லை. நடுத்தெருவில் நின்று, பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"இசை, என்னைக் கேளு" என்றார். 

"என்ன அத்தை?"

"எங்க போறீங்கன்னு கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? "எங்க... எங்க கெளம்பிட்டீங்க அத்தை?"

"தஞ்சாவூருக்கு" என்றார் அந்த அம்மாள், கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி. "பேத்தி நாளைக்கு மஸ்கட்டுக்குப் போறா. பாத்துட்டு வரேன்."

மதகு தாண்டும்போது எதிரே வந்த இன்னொருத்தரும் கேட்டார். அந்த அம்மாள் நின்று அவருக்கும் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் புழுதி அடங்குகிற நேரத்துக்குப் பஞ்சநதம் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"போயிட்டாளா?"

"ஏறிட்டாங்க மாமா."

"இந்நேரம் எங்..." என்று தொடங்கியவர், பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அவருக்குத் துணையாக நான்தான் உட்கார்ந்திருந்தேன். செல்போனில் முகங்காட்டிப் பேசினார் ஆனந்தவல்லி அம்மாள். புடவை கசங்கித்தான் இருந்தது, முகம் இல்லை. போனைப் பேத்தி பிடுங்கிக்கொண்டாள். வாயில் முறுக்கு.

"தாத்தா, நீங்க ஏன் வரல?"

"வரேன் கண்ணு. கெளம்பிட்டேதான் இருக்கேன்."

"போன தடவ ஓட்டப்பந்தயத்துல நீங்க தோத்துட்டீங்க. தோத்தவங்க என்னை உப்புமூட்டை தூக்கணும். நீங்க முதுகு வலின்னு சொல்லிட்டீங்க. பாக்கி இருக்கு."

"இருக்கு, இருக்கு. நாளைக்குக் காலைல தரேன்."

மறுநாள் காலையில் நான் அங்கே இல்லை. தௌபீக் சொன்னதுதான். தெருவில் ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லையாம். இசைவாணி முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். பஞ்சநதத்தைக் கண்டதும் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்களாம். நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். தௌபீக்கும் வாயைத் திறக்கவில்லை. "எங்க வாப்பாவும் இப்படித்தாண்ணே. எங்கன்னு கேட்டா அன்னிக்கு அதிராம்பட்டினத்துல வீடே ரெண்டாயிடும். அதான் நான் டீய மட்டும் குடுத்துட்டு அந்தாண்ட திரும்பிக்கிட்டேன்" என்றான்.

பஸ் வந்தது. பஞ்சநதம் ஒரு காலைப் படியில் வைத்தார். கண்டக்டர் புது ஆள். வயசானவர், கையில் பை, தடுமாறுகிறார், தப்பான பஸ்ஸில் ஏறிவிடப் போகிறாரே என்ற நல்ல எண்ணத்தில் குனிந்து கேட்டார்:

"பெரியவரே, எங்க போகணும்?"

"பஸ் நகரலையா?" என்று கேட்டேன்.

"நின்னுட்டுதாண்ணே இருந்துச்சு" என்றான் தௌபீக்.

சனிக்கிழமை ஆனந்தவல்லி அம்மாள் ஊர் திரும்பினார். திருச்சி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறி, தனியாக. வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் எங்கிருந்து வருகிறேன் என்று விளக்கிச் சொன்னதில் வீடு வந்து சேரக் கொஞ்சம் தாமதம். நான் போனபோது காலி முறுக்கு டின்னைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளை நல்லா வளந்துட்டா" என்றார் உள்ளே பார்த்து. "நானே தூக்கிப் பாத்தேன், இடுப்பு விட்டுப்போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு உங்களால முடியாது."

பஞ்சநதம் அதே நாற்காலியில் இருந்தார். பேப்பரின் மடிப்பைச் சரி செய்தார்.

"சின்னப் புள்ளைதானே. அதுக்குள்ள மறந்துடுவா" என்றார்.

"மறக்கலைங்க. ஏர்போர்ட்டு வாசல்ல, உள்ள போற வரைக்கும் 'தாத்தா எங்க, தாத்தா எங்க'ன்னு கேட்டுட்டுதான் போனா."