நாராஸுக்கு ஆங்கிலத்தில் என்ன

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வயதில் நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வரும். கிள்ளானில் அப்பாவின் தையல் கடைக்கு வருகிற எல்லாருக்கும் என் ஆங்கிலத்தைப் பற்றித் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே தெரியப்படுத்துவேன். அவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வேன். கடிதத்தில் பிழை இருந்தால் அதையும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

கார்ப்பெட் பாய் தினமும் நான்கு மணிக்கு எங்கள் கடையில் தேநீர் குடிப்பார். பாகிஸ்தானிலிருந்து வந்து முப்பது வருடமாக, மோட்டார் சைக்கிளில் கார்ப்பெட்டுகளைச் சுருட்டிக் கட்டி வீடு வீடாக விற்றவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகன் இங்கிலாந்தில் வேலை செய்தான். அங்கேயே ஒரு வெள்ளைக்காரியை, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான். விஷயம் தெரிந்த அன்று பாய் தொலைபேசியில் உருதுவில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. நடுவில் பேரன் பிறந்ததுகூட ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

ஒரு நாள் பாய் ஒரு உறையோடு வந்தார். அந்த மருமகளே எழுதியிருந்தாள். நான் கடை நடுவில் நின்று, பள்ளிக்கூட மேடையில் வாசிப்பதுபோல் வாசித்து, தமிழில் சொன்னேன். டிசம்பரில் குழந்தையோடு வர நினைக்கிறோம். ஆனால் நீங்கள் ஆங்ரி என்று உங்கள் மகன் சொல்கிறார். ஆங்ரியாக இருக்கிற வீட்டுக்கு என் குழந்தையைக் கொண்டுவர மாட்டேன். உண்மையை எனக்கு நேராக எழுதுங்கள்.

"யார் சொன்னது ஆங்ரி?" என்றார் பாய்.

"உங்க மகன்தான் அங்கிள்."

"அவன் முட்டாள். நான் சொன்னது நாராஸ்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "பாப்பா, முந்தாநாள் ஒரு லோரிக்காரன் என் மோட்டாரை இடிச்சான். அது ஆங்ரி. அவன் மேல நான் நாராஸ் ஆக முடியுமா? அவன் எனக்கு யாரு?"

நான் அகராதியை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்செட் என்றேன். அது என்ன என்று கேட்டார். மனசு சரியில்லாமல் இருப்பது என்றேன். "காய்ச்சல் வந்தாலும் மனசு சரியில்லை" என்று தள்ளிவிட்டார். டிஸப்பாயின்டட் என்றேன். அது பரீட்சையில் ஃபெயிலான பிள்ளைக்காம். மலாயில் மெராஜோக் என்று ஒரு சொல் உண்டு. வேண்டியவர்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. அதைச் சொன்னதும் பாய் துள்ளினார். "அது, அது கிட்ட வருது." எனக்குத் தலைகால் புரியவில்லை. மலாய் அகராதியைப் புரட்டி, மெராஜோக்குக்கு சல்க் என்று கண்டுபிடித்தேன்.

"சல்க் யார் பண்ணுவா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "ஐஸ்கிரீம் கேட்டு அழுற சின்னப் பிள்ளைங்க."

"எனக்கு தாடி இருக்கு பாப்பா" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நாராஸ் இல்லைன்னு எழுதிடறேன் அங்கிள். வந்துடுவாங்க லா. முடிஞ்சுது."

"அப்படி எழுதினா என் மகன் எனக்கு யாரோன்னு ஆயிடும்."

அப்பா அதுவரை பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தாமல், "நம்ம பக்கம் கோவிச்சுக்கிறதுன்னு சொல்வோம்" என்றார்.

பட்டன் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "அதைப் பத்தி உங்கப்பாவைக் கேளு. பதினோரு வருஷமா அதைத்தானே படிக்கிறாரு."

அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு மணி நேர ரயில் தூரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தாள். அவளும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள்தான். எனக்கு ஒரு வயதானபோது நடந்தது. அத்தையைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. அம்மா பேசியதும் மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

மூன்று நாள் இப்படிப் போனது. ஏழு சொல் கொடுத்தேன். ஏழும் திரும்பி வந்தன. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தக் கோட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது என்னை அவமானப்படுத்தியது. நான்காம் நாள் பேனாவை மேசையில் எறிந்தேன்.

"சொல்லே வேண்டாம். நாராஸ் ஆனா நீங்க என்னதான் செய்வீங்க? அதைச் சொல்லுங்க."

பாய் யோசித்தார். அவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை போலும். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தக் கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

'நீங்கள் வரும்போது நான் வாசலுக்கு வரமாட்டேன். உள்ளே உட்கார்ந்திருப்பேன். மகனைப் பார்க்க மாட்டேன். குழந்தையைப் பார்ப்பேன். உங்களோடு பேசுவேன். சாப்பிட வரமாட்டேன். என் மகன் வந்து கூப்பிட வேண்டும். முதல் முறை கூப்பிட்டால் காதில் விழாது. இரண்டாம் முறை பசியில்லை என்பேன். மூன்றாம் முறை எழுந்துவிடுவேன். அவன் இரண்டோடு நிறுத்திவிடாமல் தயவுசெய்து நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறி சமைப்பேன்.'

பாய் அதைத் தமிழில் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "இதுதான் நாராஸ்" என்றார். உறையை அவரே ஒட்டினார்.

எனக்கு அது தோல்வி. ஒரு சொல் கிடைக்காமல் ஒரு பக்கம் எழுதித் தொலைத்தேன். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில் அவர்கள் வந்தார்கள். பாய் மறுநாள் கடைக்கு வந்து, தேநீரைத் தொடாமல் நடித்தே காட்டினார். மகன் ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் தன் தட்டுக்குப் போய்விட்டானாம். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் புருஷனை முதுகில் குத்தி இரண்டு விரலைக் காட்டினாளாம். அப்புறம் மூன்று.

"நல்ல பொண்ணு" என்றார். "எண்ணத் தெரியுது."

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. கடிதத்தைத் தபாலில் போட்டதற்கு அடுத்த ஞாயிறு, பட்டன் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறேன் என்றார் அப்பா. என்னையும் வரச் சொன்னார். கிள்ளானில் இல்லாத பட்டனா என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

கொமுட்டர் ரயிலில் போனோம். இறங்கி, பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி நடந்தார். இரண்டு பட்டன் கடைகள் வந்தன. நான் கையைக் காட்டினேன். அவர் நிற்கவில்லை. ஒரு பழைய அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்கு ஏறினோம். எந்தக் கதவு என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அப்பாவின் மூக்கு. அவள் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கோவமாண்ணே?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பைக் கழற்றினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோபமாக இருக்கிற வீட்டுக்குள் போய் உட்காருவார்களா? இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த நாள்காட்டியையே பார்த்தார். மாமா காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அத்தை என் கன்னத்தைத் தடவினாள், அழுதாள், சமையலறைக்கு ஓடினாள். கோபமாக இருக்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மனிதருக்கு எதற்கு இரண்டு பொரியலும் மீனும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பசி.

"அண்ணே, சாப்பாடு போட்டுட்டேன்."

அப்பா நாள்காட்டியைப் பார்த்தார்.

"வாங்கண்ணே, மீன் ஆறிடும்."

"பசிக்கல."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் வராமல் நான் எப்படிக் கை வைப்பது? அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி அருகே போய் நின்றாள்.

"அண்ணே."

அப்பா எழுந்து வந்தார். பசி வந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.